பதினைந்து லீற்றரும் ஒரு வாய்ச்சொல்லும்

பழைய எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார்களை நீண்ட பயணங்களில் குறைந்த பெற்றோலில் ஓட வைப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி, கராஜில் வேலை பழகுகிற இளையவர்கள் நீங்கள் கேட்டிருந்தீர்கள். மொன்றியலில் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலைச் செய்தவன் என்பதால் என்னிடம் ஏதோ இரகசியம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. பற்றவைக்கும் நேரத்தைச் சரியாக வையுங்கள். காபரேற்றரைத் துப்புரவாக்கி அதற்குரிய அளவில் விடுங்கள். ரயருக்குக் காற்று அடியுங்கள். பின்பெட்டியில் கிடக்கும் தேவையில்லாத பாரத்தை இறக்குங்கள். ஓட்டுபவரை மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றரில் ஓடச் சொல்லுங்கள். மிச்சமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கணினியைச் செருகிப் பிழையை வாசிக்கிற நீங்கள் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்த்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. அப்படியான ஒரு காரில் என் கை செய்த வேலை முழுவதும் சரியாக இருந்தது. என் வாய் செய்த வேலை பிழைத்தது. இதை இதுவரை இரண்டு மூன்று பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் உங்களுக்கும் சொல்லாமல் விட்டால் அந்தப் பிழையால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விடும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் நடந்தது. அப்போது மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ஒரு கராஜில் வேலை. முதலாளி ஒரு கியூபெக்காரர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார். பழைய கார் எது வந்தாலும் என்னிடம் தள்ளிவிடுவார். காபரேற்றரைக் கண்டு பயப்படாதவன் அங்கே நான் ஒருவன்தான்.

ரொக்ஸ்பரோவிலிருந்து நேசன் என்று ஒருவர் எங்களிடம் வருவார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்யும் பகுதியில் வேலை. அவரிடம் எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த ஒரு கார் இருந்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, கடும் பச்சை நிறம், கையால் மாற்றும் நான்கு கியர். அகதியாக வந்திறங்கிய முதல் கோடையில் அப்படி ஒன்று தெருவில் உறுமிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். அந்த ஆசையை இருபது வருடம் மனதுக்குள் வைத்திருந்து, லவாலில் ஒரு வயதானவரிடம் இதை வாங்கினார். மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் துடைப்பார். அவருடைய மனைவிக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக் கூடாது.

அந்த வருடம் ஜூன் மாதம் வந்தபோது காரில் ஒரு குறையும் இல்லை. நேசன்தான் ஒரு மாதிரியாக இருந்தார்.

"அண்ணை, இது எவ்வளவு குடிக்குது?"

"நூறு கிலோமீற்றருக்கு இருபத்தொரு லீற்றர். இப்பதான் கண்டுபிடிச்சனீங்களோ?"

"பதினைஞ்சுக்குக் கீழை கொண்டுவரேலுமோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் அபிரா தாதிப் படிப்பை முடித்து, மொன்றியலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற பெரிய ஆற்றின் வட கரையில் பே-கோமோ என்ற ஊரில் வேலை எடுத்திருந்தாள். மொன்றியலிலிருந்து காரில் எட்டு மணித்தியாலம். அவள் பஸ்ஸில் போகப்போவதாகச் சொன்னாள். தகப்பன் தன் காரில் கொண்டுபோய் விடுவேன் என்றார். இப்படிப் பெற்றோல் குடிக்கிற சாமானில் ஏறுவதே பாவம் என்பது பிள்ளையின் கொள்கை. வாக்குவாதப்பட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். நூற்றுக்குப் பதினைந்து லீற்றருக்குக் கீழே வந்தால் ஏறுவாளாம்.

"அவள் பகிடிக்குச் சொல்லியிருப்பாள், நேசன்."

"பகிடி எண்டாலும் சொன்னவள்தானே. அண்ணை, வீட்டிலை அவள் பிரெஞ்சிலை கேப்பாள், நான் தமிழிலை சொல்லுவன். சாப்பிட்டியோ, கதவைப் பூட்டினியோ, அவ்வளவுதான் எங்கடை கதை. இது எட்டு மணித்தியாலம். என்ரை பக்கத்திலை இருப்பாள். பேந்து அவள் போயிடுவாள்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அது பெற்றோல் வேலையாகத் தெரியவில்லை. மூன்று வாரம் அந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். பதினெட்டுக்கு வந்தது, பதினாறரைக்கு வந்தது, கடைசியில் பதினைந்து புள்ளி ஆறில் வந்து நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் நூறில் ஓடிப் பார்த்து எடுத்த அளவு அது. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் பெற்றோலை இன்னும் ஒடுக்க வேண்டும். ஒடுக்கினால் எஞ்சின் சூடேறி வால்வு கருகும். அதை நான் செய்யவில்லை. என் கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

காரைக் கொண்டுபோக நேசன் வந்தார். அடுத்த நாள் பயணம். "பதினைஞ்சு புள்ளி ஆறு, இதுக்கு மேலை என்னாலை ஏலாது" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிசன் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் தோற்க மனமில்லை. உண்மையைச் சொன்னால் பாதி அவர் மேல் இருந்த இரக்கம், பாதி என் திமிர்.

"ஒரு வழி இருக்கு," என்றேன். "இறக்கம் வந்தால் நியூற்றலுக்குத் தட்டிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டி விடுங்கோ. சும்மா உருளட்டும். கீழை போய்த் திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம். ஸ்டார்ட் பண்ணுற திறப்பை ஒரு படிதான் திருப்ப வேணும், சரியோ? முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்."

"ஓம் அண்ணை. ஒரு படிதான்."

தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதற்குள் நெஞ்சு திக்கென்றிருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட பாரமான காரின் பிரேக்குக்கு எஞ்சின்தான் கைகொடுக்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தால்தான் மெல்ல மிதித்தாலும் கார் நிற்கிறது. எஞ்சினை நிறுத்தினால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அந்த உதவி மிச்சமிருக்கும். அதற்குப் பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாலும் கார் இலேசில் நிற்காது. அந்த உதவியைக் கொடுக்கிற உறுப்பை என் கையாலேயே நூற்றுக்கணக்கான கார்களில் மாற்றியிருக்கிறேன். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை ஞாபகமாகச் சொன்ன எனக்குப் பிரேக் ஞாபகம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பெற்றோல் வராத காலத்தில். பழைய இங்கிலாந்துக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம். வீடு வருவதற்கு இருநூறு மீற்றர் முன்னாலேயே எஞ்சினை நிறுத்தி உருள விடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அப்படிச் செய்யாதவனை ஊதாரி என்போம். அந்தக் கார்களின் பிரேக்குக்கு எஞ்சினிலிருந்து ஒரு உதவியும் இல்லை. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் பிரேக் ஒன்றுதான். அந்தப் பழக்கம் கடல் தாண்டி என் வாயிலேயே இருந்திருக்கிறது. படித்ததைக் கேட்காமல் பழகியதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணியிருக்கும், கராஜில் இருந்தேன். நேசன் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, கார் வாய்க்காலுக்கை போயிட்டுது. பிள்ளைக்குத் தோள் எலும்பு உடைஞ்சு போச்சு. உயிருக்கு ஒண்டுமில்லை. எனக்குக் கீறல்தான்."

"எவடத்திலை?"

"பே-சேன்-போல் இறக்கத்திலை. பிரேக்கை மிதிச்சன் அண்ணை. கல்லு மாதிரி இருந்தது."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு ரயரின் மேல் இருந்துவிட்டேன். எஞ்சினை நிறுத்தினீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முதலாளியிடம், தெரிந்த ஒருவருக்கு விபத்து என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை என் சின்னக் காரில் புறப்பட்டேன். இவ்வளவு காலம் இந்த மாகாணத்தில் இருந்தும் கியூபெக் நகரத்துக்கு அப்பால் நான் போனதில்லை. ஊர் பார்க்கப் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்குக் கிடையாது. நகரத்தைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்கியது. ஏறி ஏறிப் போய், ஒரு வளைவில் திரும்பியதும் கீழே ஆறு கடல் மாதிரி விரிந்து கிடந்தது. வீதி அதை நோக்கி விழுந்தது. பாரவண்டிகள் பிரேக்கைச் சோதித்துவிட்டு இறங்க வேண்டும் என்று மேலேயே பலகை போட்டிருந்தார்கள். கியரைக் குறைத்துப் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். பாதி வழியில் மலைப் பக்கமாகச் சரளைக் கல்லில் ரயர் இழுத்த இரண்டு நீளக் கோடுகள் கிடந்தன. வீதியின் மற்றப் பக்கத்தில் பள்ளம் மட்டும்தான் இருந்தது. இப்படியான ஒரு இடத்தில்தான் எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

கீழே ஊருக்குள் ஆஸ்பத்திரி. நடைபாதையில் நேசன் நின்றார். நெற்றியில் பிளாஸ்ரர். நடந்ததைச் சின்னக் குரலில் சொன்னார். முதல் இரண்டு மிதிக்குக் கார் கேட்டதாம். மூன்றாவது மிதிக்குக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கும் பாரமாகிவிட்டது. இரண்டாவது கியரில் தள்ளிக் கிளச்சை விட்டிருக்கிறார். கார் உதறி வேகம் குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் பள்ளம் இருந்த பக்கத்தை விட்டு மலைப் பக்க வாய்க்காலுக்குள் திருப்பியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் அதைவிட நல்ல யோசனை சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாலு விநாடியில் அவர் தன் பிள்ளையைக் காப்பாற்றினார்.

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"என்னோடை கதைக்கிறாள் இல்லை. நான் திறப்பைத் திருப்பினதைப் பாத்தவள். தாயை பஸ்ஸிலை வரச் சொல்லியிருக்கிறாள், தாயோடை போகப்போறாளாம். இனி என்ரை காரிலை மட்டுமில்லை, என்னோடையே எங்கையும் வரமாட்டன் எண்டிட்டாள்."

"நேசன், நான்தானே…"

"பேசாமல் இருங்கோ அண்ணை." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தணித்தார். "என்ரை யோசினை எண்டுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். உங்கடை பேரை எடுக்கேல்லை, எடுக்கவும் மாட்டன். கராஜிலை தெரிஞ்சால் உங்கடை பிழைப்பிலை மண் விழும். இது எங்கடை வீட்டுச் சண்டை. ஆறும்."

"ஆறுமோ?"

அவர் அறைக் கதவைப் பார்த்தார்.

இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன். பிள்ளையை ஒரு பேச்சுக்கு எட்டிப் பார்த்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்புவோம் என்றுதான் அறைக்குள் போனேன்.

அபிரா கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். சொற்களைத் தேடித் தேடித் தமிழில் பேசினாள்.

"உங்கடை வேலை நல்லம், அங்கிள். கியூபெக் வரை பதினாலு புள்ளி ஆறு. நான்தான் கணக்குப் பாத்தனான்."

எனக்குக் காதில் பிழையாக விழுந்ததோ என்று பட்டது. தட்டையான நெடுஞ்சாலையில் தொண்ணூறை விட்டு ஏறாமல் ஓட்டியிருக்கிறார் நேசன். நான் செய்த வேலையே போதுமாக இருந்திருக்கிறது. இறக்கமே வரவில்லை, அதற்குள் பதினைந்துக்குக் கீழே வந்துவிட்டது.

"நாங்கள் நல்லாய்ச் சிரிச்சனாங்கள்," என்றாள். "அப்பா தான் வந்த கதை, முதல் வேலை, எல்லாம் சொன்னவர். எனக்கு ஒண்டும் தெரியாது முந்தி. ஏறினது சரி எண்டு நினைச்சன்." அவளுடைய குரல் மாறியது. "பேந்து ஏன் நிப்பாட்டினவர்? எங்களுக்கு வேண்டிய நம்பர் வந்திட்டுது. ஒரு லீற்றருக்காகவோ? நான் பக்கத்திலை இருக்கேக்கை? நீங்கள் மெக்கானிக்தானே அங்கிள். ஒரு ஆள் ஏன் அப்பிடிச் செய்வார்?"

வாசலில் நேசன் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

"மனிசர் சில நேரம் யோசிக்கிறேல்லை, பிள்ளை." இந்த வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத வசனம். அதைச் சொல்லியிருந்தால் நான் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தத் தகப்பன் ஒரு லீற்றர் பெற்றோலுக்காகத் தன் பிள்ளையைப் பணயம் வைத்த ஆள் என்று அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். உடைந்த எலும்பை அந்த ஆஸ்பத்திரியில் பொருத்திவிட்டார்கள். இதைப் பொருத்த அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"நான் சொன்னபடியால்," என்றேன்.

"என்ன?"

"எஞ்சினை நிப்பாட்டி உருள விடச் சொன்னது நான். உன்ரை அப்பாவுக்கு அந்த யோசினையே இருக்கேல்லை. பிரேக் விறைக்கும் எண்டு நான் அவருக்குச் சொல்லேல்லை."

"உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சோ? பேந்து ஏன்?"

என்னிடம் இருந்ததைச் சொன்னேன்.

"எங்கடை ஊரிலை இறக்கம் இல்லை, பிள்ளை. அங்கை எஞ்சினை நிப்பாட்டினால் கார் தானாய் நிண்டிடும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு என்னை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் பொய் சொன்னீங்கள்?"

"அவருக்கு வேலை போயிடும் எண்டு…"

"நான் உங்களோடை கதைக்காமல் விட்டால் பரவாயில்லையோ?"

நேசன் அப்படியே நின்று அழுதார். அபிரா என் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அங்கிள், நீங்கள் வெளியிலை போங்கோ."

போனேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தபடிதான் சொன்னேன். அவர் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். குணமாகிறாள் என்றேன். இனிமேல் இறக்கத்தைப் பார்க்காமல் இறக்கத்தைப் பற்றிப் பேசாதே என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வேலைத் தாள்களில் செய்த வேலைகளுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, வாடிக்கையாளருக்கு வாயால் என்ன சொன்னேன் என்பதையும் எழுதத் தொடங்கினேன். "பிரேக் சத்தம் போடும், பயப்பட வேண்டாம் என்றேன்." "வெயிலில் ஓட்டலாம் என்றேன்." உங்களில் சிலர் அந்தத் தாள்களைப் பார்த்து, கிழவன் நாட்குறிப்பு எழுதுகிறான் என்று சிரித்தது எனக்குத் தெரியும். சிரியுங்கள், ஆனால் எழுதுங்கள். எழுதும்போதுதான் சொன்னது பிழை என்று தெரியும். கார் அப்போதும் முற்றத்தில் நிற்கும், ஓடிப்போய் மறிக்கலாம்.

வாடிக்கையாளர் ஆசையோடு நிற்கும்போது இன்னொன்று சொல்லி அனுப்பத்தான் வாய் உன்னும். அந்த நேரத்தில் உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நம்புங்கள். பதினைந்து புள்ளி ஆறு என்றால் பதினைந்து புள்ளி ஆறு என்று சொல்லுங்கள்.

நேசன் இப்போதும் எப்போதாவது தொலைபேசியில் கதைப்பார். நம்பர் வந்த பிறகும் ஏன் எஞ்சினை நிறுத்தினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பதினாலுக்குக் கீழை காட்டினால் இன்னும் ஒருக்காச் சிரிப்பாள் எண்டு நினைச்சன் அண்ணை," என்றார். தோள் குணமான பிறகு அவர்கள் இருவரும் ஒன்றாக பஸ்ஸில் பே-கோமோவுக்குப் போனார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தகப்பனைக் கூப்பிட்டு மணிக்கணக்காகக் கதைக்கிறாளாம்.

என்னோடு அவள் இன்றுவரை கதைப்பதில்லை. ஒருமுறை கோவிலில் கண்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் தகப்பனோடோ என்னோடோ ஒருவரோடுதான் அவள் கதைப்பாள் என்றிருந்தால், நடந்ததுதான் சரி.